ஆறாவது கேள்விக்கு என்ன எழுதுவது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 22 வயது. புள்ளியியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறேன். படிவத்தில் ஐந்து கேள்விகளை ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். ஆறாவதில் சிக்கிக்கொண்டேன். 'உங்கள் குடும்பப் பின்னணி உங்களை எப்படி உருவாக்கியது? பத்து ஆண்டுகள் கழித்து என்னவாக இருக்க விரும்புகிறீர்கள்? 500 சொற்களுக்குள் எழுதுக.' மூன்று வாரமாக எழுதுகிறேன், அழிக்கிறேன்.

அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. (பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம், படிவம் எல்லாம் நான்தான் பார்ப்பேன். சனிக்கிழமை இரவு அப்பாவின் மூட்டைக் கணக்கையும் நான்தான் போடுவேன்.) கல்லூரியில் யாருக்கும் இது தெரியாது. முதல் நாள் 'அப்பா டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிறார்' என்று சொன்னேன். அது அப்படியே நின்றுவிட்டது. தோழிகள் வீட்டுக்கு வருகிறோம் என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன்.

உள்ளதை எழுதினால் இரக்கத்துக்குக் கையேந்துவது போல இருக்கிறது. எழுதாவிட்டால் சொல்ல ஒன்றுமே இல்லை. பத்து ஆண்டு கழித்து என்று யோசித்தால் மனம் வெறுமையாகிவிடுகிறது. கூடப் படிப்பவர்கள் கேட்டவுடன் டக்கென்று பதில் சொல்கிறார்கள். எனக்கு ஆசையே இல்லையோ? படிக்கப் படிக்க வீட்டில் இருப்பவர்களோடு பேசுவதற்கும் விஷயம் குறைந்துகொண்டே வருகிறது. பிறந்த வீடுதான் கடைசிவரை ஒருவரைத் தீர்மானிக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் கண் போய் நின்ற இடம், அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருக்கும் அந்த இரண்டு வாக்கியங்கள்தான். கடிதங்களைப் படித்துச் சொன்னதும், மூட்டைக் கணக்குப் போட்டதும். போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஆறாவது கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். உங்களை அதிகம் பயமுறுத்தும் கேள்வி வேறொன்று என்று தோன்றுகிறது, 'எனக்கு ஆசையே இல்லையோ' என்பது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஆசை இல்லாதவர் ஒரு கேள்வியோடு மூன்று வாரம் மல்லுக்கட்ட மாட்டார். ஏதோ ஒன்றை எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். உங்களுக்கு ஆசை இருக்கிறது. அது ஏன் வெளியே வர மறுக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வரப்போகும் நாளை நினைத்துப் பார்ப்பது கற்பனையின் வேலை என்றே பொதுவாக நினைக்கிறோம். அதில் நினைவுக்கும் பெரிய பங்கு உண்டு. 1981-இல் கனடாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரைப் பற்றி எங்கள் துறையில் நிறையப் பேசுவார்கள். ஆய்வுகளில் கே.சி. என்று குறிக்கப்பட்டவர். அவருக்குப் பேச்சு தெளிவாக இருந்தது, பொது அறிவு இருந்தது. ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட, தானே அதில் இருந்தது போல நினைவுக்குக் கொண்டுவர அவரால் முடியவில்லை. எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் அவரிடம், நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் பதில் வரவில்லை, மனம் வெறுமையாக இருக்கிறது என்றார். பின்னால் வந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளும் இதையே வேறு விதத்தில் காட்டின. நடந்ததை நினைக்கும்போதும், நடக்கப் போவதை எண்ணும்போதும் மூளையில் பெரும்பாலும் ஒரே பகுதிகள்தான் வேலை செய்கின்றன.

உங்களுக்கு அப்படி ஒரு பாதிப்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 'வெறுமை' என்ற அதே சொல்லை நீங்களும் எழுதியிருந்ததால் அவர் ஞாபகம் வந்தது. நாளையை நாம் நேற்றின் துண்டுகளை வைத்துத்தான் கட்டுகிறோம். நீங்களோ மூன்று ஆண்டுகளாக, கல்லூரிக்குள் நுழையும்போது அந்தத் துண்டுகளை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறீர்கள். உள்ளே வருகிற பெண்ணுக்கு வீடு கிடையாது, அப்பாவின் தோள் காய்ப்பு தெரியாது, சனிக்கிழமை இரவு கிடையாது. அவளிடம் போய், பத்து வருடம் கழித்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பாவம், அவள் எங்கிருந்து எடுத்துச் சொல்வாள்? ஆசைப்படத் தெரிந்தவள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள்.

இன்னொரு காரணமும் உண்டு. அது உங்கள் மனத்துக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஆசைப்படுவது ஒரு திறன் என்றார். எல்லாத் திறன்களையும் போல அதற்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வசதியான வீட்டில் வளரும் குழந்தை, எந்தப் படிப்பு எந்த வேலையில் கொண்டுபோய் விடும், யாரைக் கேட்டால் விவரம் கிடைக்கும், ஒரு வழி அடைத்தால் அடுத்த வழி எது என்பதையெல்லாம் பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே தெரிந்துகொள்கிறது. சின்னச் சின்னதாக ஆசைப்பட்டு, அது நிறைவேறி, அடுத்ததற்கு ஆசைப்பட்டு வளர்கிறது. உங்கள் தோழிகள் டக்கென்று சொல்வது பல வருடம் ஒத்திகை பார்த்த பதில். நீங்கள் முதல் முறையாக மேடை ஏறுகிறீர்கள். இந்த வித்தியாசத்தை உங்களுடைய குறை என்று எண்ணிவிடாதீர்கள். தயவுசெய்து.

தொழில் தேர்வு பற்றி 1981-இல் வந்த ஒரு கோட்பாடு உண்டு. குழந்தைகள் சுமார் 9 வயதிலிருந்து 13 வயதுக்குள்ளாகவே சில வேலைகளை 'இது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை' என்று ஒதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்கிறது அது. யாரும் தடுப்பதில்லை, யாரும் திட்டுவதில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கதவைச் சாத்திவிடுகிறார்கள். அங்கே ஒரு கதவு இருந்தது என்பதே பிறகு மறந்துபோகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆலோசனைப் பணியில் இருக்கிறேன். எதிரில் உட்காரும் இளைஞர்களிடம் எட்டு வயதில் என்னவாக ஆசைப்பட்டீர்கள் என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். பலர் சட்டென்று சிரிப்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். நீங்களும் இன்றைக்கு அதை உங்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கே இப்போது போக வேண்டும் என்பதில்லை. எது எப்போது விட்டுப்போனது என்று தெரிந்தால் போதும்.

சரி, பிறந்த வீடுதான் கடைசிவரை தீர்மானிக்கிறதா?

'முயன்றால் முடியாதது இல்லை' என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வறுமையை முயற்சிக் குறைவாகக் காட்டும் பேச்சு அது. காலமெல்லாம் மூட்டை சுமந்த உங்கள் அப்பாவை விட அதிகமாக முயன்றவர் உங்கள் கல்லூரியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய்த் தீவில் எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு நீண்ட ஆய்வு நடத்தினார்கள். 1955-இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளைப் பிறப்பதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்து, நடு வயதுவரை பார்த்துக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் அல்லது குடிப்பழக்கம் என்று பல சுமைகளோடு வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பதின்பருவம் முடிவதற்குள் படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ சிக்கல் வந்தது. இதை மறைத்துவிட்டு நம்பிக்கை பேசுவது நேர்மையில்லை. பின்னணிக்கு நிஜமாகவே எடை உண்டு. ஆனால் மீதி ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்தார்கள். தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். படிப்பைத் தொடரக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு, நல்ல துணை, நிலையான வேலை என்று ஏதோ ஒன்று கைகொடுத்தது.

நன்றாக வளர்ந்தவர்களிடம் பொதுவாக இருந்த விஷயங்களைத்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, அந்தக் குழந்தையிடம் உறுதியான அன்பு வைத்திருந்த ஒரு பெரியவராவது இருந்தார். தன் வாழ்க்கையில் தனக்கும் கொஞ்சம் பிடி இருக்கிறது என்ற எண்ணம் இருந்தது. அப்புறம் இன்னொன்று: அவர்களில் பலருக்கு வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போல, அந்தக் குழந்தை செய்யாவிட்டால் வீடு தடுமாறும் என்ற அளவுக்கு நிஜமான ஒரு வேலை.

உங்கள் அடைப்புக்குறிக்கு வந்துவிட்டோம்.

பத்து வயதில், வீட்டில் வேறு யாராலும் படிக்க முடியாத ஒரு கடிதத்தை நீங்கள் பிரித்தீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொண்டு, இரண்டு பெரியவர்களுக்குப் புரியும்படி சொன்னீர்கள். எந்த நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று பார்த்தீர்கள். தப்பாகச் சொன்னால் விளைவு வீட்டுக்கு என்று தெரிந்தே சொன்னீர்கள். சனிக்கிழமைதோறும் ஒரு வாரத்து மூட்டைகளைக் கூட்டி, கைக்கு வந்த கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். குறைந்திருந்தால் அதைக் கண்டுபிடித்தவர் நீங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது நீங்கள் படிப்பது புள்ளியியல். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும், நான் வலிந்து முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதருடைய கூலி இருக்கிறது என்று பதினொரு வயதில் தெரிந்துகொண்ட ஒருத்தி, புள்ளிவிவர அட்டவணையை மற்றவர்கள் பார்ப்பது போலவே பார்ப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சுமை அந்த வயதில் உங்கள் தலையில் ஏறியிருக்கக் கூடாது. அது உங்களுக்குத் திறமை கொடுத்தது, உண்மை. உங்கள் குழந்தைப் பருவத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டாம். இப்போதெல்லாம் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும், 'அதனால்தான் நான் இன்று இப்படி இருக்கிறேன்' என்று நல்லபடியாக முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது. கேட்பவர்களுக்கு அது நிம்மதி தருகிறது. சொல்பவருக்கு எப்போதும் அப்படி இருப்பதில்லை. சில நஷ்டங்கள் நஷ்டமாகவே இருக்கலாம். அவற்றுக்குப் பொன்முலாம் பூசித்தான் படிவத்தில் எழுத வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் அப்பா இரவுக் காவலாளி. கல்லூரிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'தனியார் நிறுவனம்' என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனாலும் அது அவரை அழித்த ஒரு சொல். எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துக்காக அந்தப் படிவத்தை அவரிடமே நீட்டினேன். அவர் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அந்த வரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். ரொம்ப வருடம் கழித்து அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'உனக்கு அன்றைக்கு அது தேவையாக இருந்தது' என்று சொன்னார். உங்கள் 'டிரான்ஸ்போர்ட்'டைப் படித்தபோது எனக்கு உங்கள் மேல் கோபமோ வருத்தமோ வராததற்கு அதுதான் காரணம். முதல் நாள், அறிமுகம் இல்லாத முகங்களுக்கு நடுவே, உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் தேவைப்பட்டது. அது பாவம் இல்லை. ஆனால் அந்தச் சொல் இப்போது உங்களிடம் வாடகை வாங்குகிறது. யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவில் வைக்க வேண்டும், வீட்டுக்கு வருகிறேன் என்பவரைத் தடுக்க வேண்டும், இறுதியாண்டில் படிப்புக்குச் செலவழிக்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்க வேண்டும்.

அதற்காக நாளைக்கே வகுப்பில் எழுந்து நின்று அறிவிக்க வேண்டியதில்லை. உங்கள் வாழ்க்கைக் கதையைக் கேட்க எல்லாருக்கும் உரிமை கிடையாது. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். யாரோடு இருக்கும்போது நீங்கள் குறைவாக நடிக்கிறீர்களோ, அவரிடம். பெரிய முன்னுரை வேண்டாம். 'அப்பா டிரான்ஸ்போர்ட்டில் என்று சொன்னேன் இல்லையா, லாரியில் மூட்டை ஏற்றும் வேலை' என்ற அளவில் போதும். அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை விட, சொன்ன பிறகு உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

பின்னணியைப் பேசுவது படிப்புக்கே உதவுகிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. நிக்கோல் ஸ்டீவன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை ஒரு கலந்துரையாடலுக்கு அழைத்தார்கள். மூத்த மாணவர்கள், தங்கள் வீட்டுப் பின்னணி கல்லூரியில் என்ன தடையைக் கொண்டுவந்தது, என்ன பலத்தைக் கொடுத்தது, தாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். பின்னணியைத் தொடாமல் பொதுவான அறிவுரை மட்டும் சொன்ன இன்னொரு கூட்டமும் நடந்தது. பெற்றோர் கல்லூரி போகாத மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலிருந்த மதிப்பெண் இடைவெளி, முதல் வகைக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களிடம் ஆண்டு இறுதியில் பெருமளவு குறைந்திருந்தது. உதவி கேட்கப் போகும் பழக்கமும் அவர்களிடம் கூடியிருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படி, என்னிடம்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இது பின்னணி வித்தியாசம், சமாளிக்க வழி உண்டு என்று தெரிந்ததே அவ்வளவு செய்தது. உங்களுக்கு முன்னால் இதே வழியில் போன ஒரு மூத்த மாணவர் உங்கள் துறையிலும் இருப்பார். தேடுங்கள்.

இனி எழுதும் வேலை. இரக்கத்துக்குக் கையேந்துவது போல இருக்கிறது என்ற உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அந்தத் தயக்கம்தான் உங்களை நன்றாக எழுத வைக்கும். 'எங்கள் குடும்பம் மிகவும் ஏழ்மையானது, பெற்றோர் படிக்காதவர்கள், மிகுந்த சிரமத்துக்கிடையே படித்தேன்' என்று எழுதினால், படிப்பவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், ஏழ்மை மட்டும்தான் தெரியும். 'என் அப்பா லாரிகளில் மூட்டை ஏற்றுகிறார். பத்து வயதிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் அவருடைய ஒரு வார மூட்டைக் கணக்கை நான் போட்டுவந்தேன். கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும்' என்று எழுதிப் பாருங்கள். இங்கேயும் ஏழ்மை இருக்கிறது. ஆனால் வாக்கியத்துக்கு நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள், ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு. நடந்தவற்றை மட்டும் அடுக்கினால் இரக்கம்தான் வரும். நடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் மரியாதை வரும். படிவத்தைப் படிக்கப் போகிறவர்களும் அந்த இரண்டாவதைத்தான் தேடுகிறார்கள்.

ஆனால் உடனே படிவத்துக்காக எழுதத் தொடங்காதீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய ஆய்வுகளில் ஒரு எளிய முறை உண்டு. நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனத்தை அழுத்தும் விஷயத்தை யாருக்கும் காட்டப்போவதில்லை என்ற முடிவோடு நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், அழகு பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எழுதும்போது அழுகை வந்து நிற்காமல் போனால் நிறுத்திவிடுங்கள். ஆனால் வெட்கம், கோபம், குற்ற உணர்வு எல்லாம் முதலில் அந்தத் தாள்களில் இறங்கிவிட்டால், படிவத்தின் 500 சொற்களுக்குள் அவை முண்டியடித்துக்கொண்டு வராது. உங்களை மூன்று வாரமாக அழிக்க வைப்பது அந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன்.

பத்து ஆண்டு என்ற கேள்விக்குப் பதவிப் பெயரைத் தேடாதீர்கள். 22 வயதில் சொல்லும் பதவிப் பெயர் பெரும்பாலும் யாரோ சொன்னதாகத்தான் இருக்கும். ஹேசல் மார்கஸ், பவுலா நூரியஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவருக்குள்ளும் வருங்கால 'நான்'கள் பல இருக்கின்றன என்றார்கள். ஆகிவிட வேண்டும் என்று விரும்பும் நான், ஆகிவிடுவேனோ என்று அஞ்சும் நான், இரண்டும் உண்டு. உங்களுக்கு விரும்பும் நான் இப்போது மங்கலாக இருக்கலாம். அஞ்சும் நான் தெளிவாக இருப்பாள் என்று பந்தயம் கட்டுவேன். அவளிடமிருந்தே தொடங்குங்கள். எதற்குப் பயப்படுகிறீர்கள்? கணக்கில் ஏமாற்றப்பட்டு, கேட்க வாயில்லாமல் நிற்கும் ஒருவராகிவிடுவோம் என்றா? அப்படியானால் உங்கள் ஆசை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு அதுவே துப்பு. பிறகு, 32 வயதில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். காலையில் மேசைமேல் என்ன இருக்கிறது, யாருடைய எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த எண்கள் சரியாக இருந்தால் யாருக்கு நல்லது, மாலையில் யாருக்குப் போன் பண்ணுகிறீர்கள். அந்த நாள் தெரிந்துவிட்டால் பதவிப் பெயர் பின்னால் வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

அதோடு அந்த நாளுக்குப் போகும் வழியில் இரண்டு படிகளையாவது எழுதுங்கள். நம்பிக்கையைப் பற்றி ஆராய்ந்த சி.ஆர். ஸ்னைடர், அதில் இரண்டு பாகம் உண்டு என்றார். என்னால் போக முடியும் என்ற உந்துதல் ஒன்று, எப்படிப் போவது என்ற வழிகள் இன்னொன்று. உந்துதல் உங்களிடம் நிறைய இருக்கிறது. வழிகள்தான் குறைவு, அது வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாததால் வந்த குறைவு. கேட்டுத் தெரிந்துகொண்டால் தீரும். பேராசிரியர் ஒருவரிடம் பதினைந்து நிமிடம் கேளுங்கள், இந்தப் பட்டத்தோடு போனவர்கள் இப்போது என்னென்ன செய்கிறார்கள் என்று. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதியது இன்றும் எனக்கு உதவுகிறது: வேலை பற்றிய புதிய தகவல் நெருங்கிய நண்பர்களை விட, எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் அதிகம் வருகிறது, ஏனென்றால் நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரியும். ஆகவே அதிகம் பழகாதவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பத்து வயதில் அந்நியர்கள் எழுதிய கடிதங்களைப் பிரித்துப் புரிந்துகொண்டவர் நீங்கள்.

கடைசியாக, வீட்டோடு பேச விஷயம் குறைகிறது என்ற வலி. இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. பியர் பூர்தியு என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1930-இல் பிரான்சின் தென்மேற்கில் ஒரு சிறு கிராமத்தில், அஞ்சல் பணியாளர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். நாட்டின் மிக உயர்ந்த கல்வி நிறுவனங்கள் வரை போனவர். பிறந்த இடத்தின் பழக்கமும் வந்து சேர்ந்த இடத்தின் பழக்கமும் ஒரே உடலுக்குள் பிளவுபட்டுக் கிடப்பதைப் பற்றித் தன்னையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதியிருக்கிறார். இந்தப் பிளவு முழுவதும் மூடிவிடும் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். நானும் ஐம்பதைத் தாண்டிவிட்டேன், அது இன்னும் இருக்கிறது. ஆனால் மௌனம் அதை அகலமாக்குகிறது. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று அப்பாவுக்குச் சொன்னதுண்டா? புள்ளியியல் என்ற சொல்லை வைத்துச் சொல்லாதீர்கள். நூறு மூட்டையில் பத்தை மட்டும் எடைபோட்டு மொத்த எடையை எப்படி மதிப்பிடலாம் என்று கேளுங்கள். கூறெடுத்துப் பார்ப்பது பற்றி உங்கள் பாடப்புத்தகம் சொல்லாத ஒன்றிரண்டு விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அவர் சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டார் என்று. அவரிடம் இதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் தூக்கம் பற்றி ஒன்றும் இல்லை. மூன்று வார அவஸ்தை தூக்கத்தையும் பசியையும் கெடுத்திருந்தால், எதிலும் பிடிப்பில்லாத மனநிலை இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால், கல்லூரியில் உள்ள ஆலோசகரையோ ஒரு மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள். என் கடிதம் அதற்கு மாற்றாகாது.

எழுதி முடித்த ஆறாவது பதிலை அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இத்தனை வருடம் மற்றவர்கள் எழுதியதை அவர்களுக்குப் படித்துச் சொன்னீர்கள். இந்த முறை நீங்கள் எழுதியது. அவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது சரியா என்று கேளுங்கள், அப்பா ஏதாவது திருத்தம் சொன்னால் அதைச் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்